சுனைக்கோட்டைச் சந்தியில் தொங்கிய மூச்சு

கேட்பவரே, கதைக்குள் போகும் முன் உங்களை ஒன்று கேட்கிறேன். விடையை எனக்குச் சொல்ல வேண்டாம், நெஞ்சில் கைவைத்து உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பெண் பேசத் தொடங்கிய வாக்கியம், நடுவில் எவரும் குறுக்கே விழாமல், தன் முற்றுப்புள்ளிவரை நடந்துபோய்ச் சேர்ந்ததை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? நினைவு வரவில்லையா? சுனைக்கோட்டை ஊராருக்கும் வரவில்லை. அவர்களுக்கு அது நினைவு வருவதற்கு ஒரு பித்தளைக் குழலும், ஒரு மாப்பிள்ளை அழைப்பும், ஒரு பெண்ணின் பாதி மூச்சும் தேவைப்பட்டன.

சுனைக்கோட்டை பெரிய ஊருமன்று, சிற்றூருமன்று. பொதிகைச் சாரல் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தொலைவில், ஒரு பேருந்து நிலையமும், ஒரு சந்தையும், எதையேனும் பிடித்து விழா எடுக்க எந்நேரமும் ஆயத்தமாயிருக்கும் ஒரு வணிகர் சங்கமும் கொண்ட ஊர். அங்கே பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் ஒன்றுகூடி, கலைந்துபோன ஒரு பேண்டு கம்பெனியின் பழைய வாத்தியங்களை வாங்கி, ஒடுக்கெடுத்து, புளி போட்டுத் துலக்கி, பெரிய டிரம்மின் தோலில் 'செண்பகம் மகளிர் பேண்டு' என்று எழுதிக்கொண்டபோது, ஊர் அவர்களைத் தடுக்கவில்லை. சிரித்தது. தடுப்பதென்றால் எழுந்து வர வேண்டும். சிரிப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் அல்லவா?

தவசுக்கனி அந்தப் பேண்டில் யூஃபோனியம் வாசித்தாள். வாய் மேல்நோக்கி விரிந்த, கனத்த, குழந்தையை ஏந்துவதுபோல் மார்போடு அணைத்துப் பிடித்து ஊத வேண்டிய குழல் அது. அது முன்னர் அவள் கணவன் செல்லப்பாண்டியினுடையதாக இருந்தது. அவன் அந்தப் பழைய கம்பெனியில் நெடுங்காலம் வாசித்தவன். மொபெட்டிலிருந்து விழுந்து முன்பற்களை இழந்த பிறகு, பல் இல்லாத வாயில் பித்தளை நிற்காது என்பதால், குழலைப் பரணில் போட்டுவிட்டுப் பழக்கடை வைத்தான். பரணிலிருந்து அதை இறக்கியவள் தவசுக்கனி. அவள் இறக்கியபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் அவளுடைய வாசிப்பைக் கேட்டுத் தலையாட்டத் தொடங்கிய பிறகு, "எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னான்.

அந்தப் பெண்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. காலையில் கல்யாண மண்டபத்தின் பின்புறம் கூடி, வாத்தியத்தைக் கையில் எடுக்கும் முன், வெறும் உதடுகளை இறுக்கி மூச்சைத் தள்ளி, வண்டு குடைவதுபோல் உதட்டாலேயே சுரம் பிடித்துப் பழகுவார்கள் என்பது ஒன்று. அக்கம்பக்கத்தார் சன்னலைச் சாத்திக்கொண்டு, கழுதைக்குச் சளி பிடித்துவிட்டது என்று கேலி பேசுவார்கள். மற்றது, எந்தப் பாட்டின் முடிவிலும் கடைசி நீண்ட சுரம் யூஃபோனியத்துக்கு உரியது. தலைவி கையை உயர்த்தியிருக்கும்வரை அது நிற்கும், கை இறங்கும்போதுதான் அதுவும் இறங்கும். தலைவி மரகதம். ட்ரம்பெட் வாசிப்பவள், பேருந்து நிலையத்தில் இட்லிக் கடை நடத்துபவள். அவள் நாக்கைக் காட்டிலும் அவளுடைய மிளகாய்ச் சட்னி சாது என்பது அங்கே சாப்பிடுகிறவர்களின் கருத்து.

நடந்தது இதுதான். வணிகர் சங்கத் தலைவரும் பாத்திரக்கடை முதலாளியுமான வைகுண்டமணி அண்ணாச்சியின் தம்பி மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. வருவதாகச் சொன்ன ஆண்கள் பேண்டு பக்கத்து ஊரில் இன்னொரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டதால், வேறு வழியின்றிச் செண்பகம் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். சந்தைச் சந்தியில், பாத்திரக்கடைக்கு நேர் எதிரே, பெண்கள் ஒரு பாட்டின் முடிவுக்கு வந்து, மரகதம் கையை உயர்த்த, தவசுக்கனி தன் கடைசிச் சுரத்தை ஏந்தி நின்ற அந்த நேரத்தில், ஆண்கள் பேண்டு வேனில் வந்து இறங்கிவிட்டது. அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மரகதத்தின் கை இன்னும் இறங்கவில்லை. அவர் குழலின் விரிந்த வாயில் தம் உள்ளங்கையை வைத்துக் கீழே அழுத்தி, கோபமே இல்லாமல், பந்தியில் போதும் என்று இலையை மறிப்பவரைப்போல், சொன்னார்:

"போதும் தாயி. ஆளுக வந்துட்டாங்க."

குழல் இறங்கியது. சுரம் இறங்கவில்லை. அது குழலைவிட்ட இடத்திலேயே, ஓர் உயரமான ஆளின் தலைக்குச் சற்று மேலே, வெதுவெதுப்பாக, கம்பீரமாக, தடையின்றி ஒலித்துக்கொண்டு நின்றது. ஆண்கள் பேண்டுக்காரர்கள் சற்று நேரம் காத்துப் பார்த்தார்கள். அது ஓய்வதாகத் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று யாரோ சொல்ல, அவர்கள் அந்தச் சுரத்துக்கே சுருதி சேர்த்துக்கொண்டு வாசித்தபடி மாப்பிள்ளையை அழைத்துப் போனார்கள். மறுநாள் காலையில் வாழையிலைக்காரர்கள் கடை விரித்தபோதும் அது அங்கேயே இருந்தது. மறுவாரச் சந்தைக்கும் இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. ஒலிக்குக் கீழே நின்றால் உச்சந்தலையில் யாரோ மெல்ல ஊதுவதுபோல் இதமாக இருந்ததால், ஆட்டோக்காரர்கள் தங்கள் நிறுத்தத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். பல் முளைக்கும் குழந்தைகள் அழுதால் தாய்மார் தூக்கிக்கொண்டு வந்து அதன் கீழே காட்டினார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைத் துடைப்பதற்காக நின்றவர்கள் கடைகளைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் வாங்கினார்கள். நாதஸ்வரக்காரர்கள் சுருதிப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். பேருந்து நடத்துநர்கள் சந்தை நிறுத்தத்தை 'ஊதல்' என்று கூவ, பயணிகள் ஊதலுக்குச் சீட்டு வாங்கினார்கள். மனை விற்பவர்கள் ஊதல் கேட்கும் தூரம் என்று பலகை வைத்தார்கள். காற்றடிக்கும் நாட்களில் அந்தத் தூரம் நீண்டதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரிலும் அதிகமாய்ப் பயன் கண்டவர் வைகுண்டமணி அண்ணாச்சிதான். அவர் கடையின் குடங்களும் அண்டாக்களும் குத்துவிளக்குகளும் எதிரே நின்ற சுரத்துக்கு இசைந்து நாளெல்லாம் மெல்ல முனகின. முனகும் குடத்தில் தண்ணீர் இனிக்கிறது என்று எவரோ சொல்ல, பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெண் வீட்டார் சீர்ப் பாத்திரம் எடுக்க அங்கே வந்தார்கள்.

இத்தனை பேரும் ஏன் அந்தச் சுரம் அங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. பயன்படுகிற பொருளிடம் ஏன் என்று கேட்பது அந்த ஊரில் மரியாதையில்லை.

தவசுக்கனிக்கு மட்டும் அது பயன்படவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு முழுதாக வரவில்லை. உள்ளே இழுத்தால் பாதியில் நின்றது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இரண்டு முறை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கோபம் வந்தால் முழுதாய்க் கோபப்பட முடியவில்லை. துக்கம் வந்தால் ஒரு பெருமூச்சு விடக்கூட இருப்பில்லை. குழலில் மற்ற எல்லாச் சுரங்களும் வந்தன, அந்த ஒன்று வரவில்லை. அந்த ஒன்று இல்லாத பாட்டு எது? பாட்டின் நடுவில், உடைந்த படியில் கால் வைத்ததுபோல், பேண்டு முழுவதும் தடுக்கி விழுந்தது. அரசு மருத்துவமனையில் இளவயது மருத்துவர் ஒருவர் அவள் முதுகில் கருவியை வைத்துக் கேட்டு, நுரையீரல் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, மூச்சுத்தான் பாதி குறைகிறது, மீதி எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றார். அவள் சன்னலைத் திறந்து சந்தைப் பக்கம் காட்டினாள். அவர் சற்று நேரம் அந்த ஒலியைக் கேட்டு, நல்ல சுரம் என்று பாராட்டி, ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

அவள் டானிக்கைக் குடித்துவிட்டு அண்ணாச்சியைப் பார்க்கப் போனாள். மரகதமும் கூடப் போனாள். அண்ணாச்சி அவர்களை உட்காரச் சொல்லி, பித்தளைத் தம்ளரில் மோர் கொடுத்து உபசரித்தார். ஒரு பெண்ணை மறுக்கப்போகும்போது மிகவும் மரியாதையாக நடந்துகொள்வது அவர் இயல்பு.

"அண்ணாச்சி, அது முடியாத மூச்சு," என்றாள் தவசுக்கனி, இடையிடையே நின்று நின்று. "நான் ஆரம்பிச்சது. சந்தியில நின்னு, நானே முடிச்சு எடுத்துக்கிடுதேன். அவ்வளவுதான்."

"முடிக்கவா? நல்லாத்தானம்மா இருக்கு. ஊரே நல்லாருக்குங்கு. இப்ப எதுக்கு முடிக்கணுங்குத?"

"எனக்கு மூச்சு முட்டுது அண்ணாச்சி."

"சங்கத்துல சொல்லி ஒரு பொன்னாடை போத்திருவோம்," என்றார் அவர்.

மரகதம் மோரை வைத்துவிட்டு எழுந்தாள். "போத்துங்க. ஏற்கெனவே மூச்சு முட்டுதவளுக்கு மேல ஒரு துணியும் போத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடக்க, அண்ணாச்சி அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார்.

இருந்தாலும் அவர் உள்ளூர அஞ்சினார். பாத்திரங்களின் முனகல் நின்றுவிட்டால் என்ன ஆவது? ஆகவே அந்தச் சுரம் யாருடையது என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் ஒரு வழக்கறிஞரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், ஆண்கள் பேண்டின் தலைவரும், பெண்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்பதற்காக வைகுண்டமணி அண்ணாச்சியின் மைத்துனரும் இடம்பெற்றார்கள். அவர்கள் பல அமர்வுகள் கூடி, நிறைய வடை தின்று, ஒலிபெருக்கியில் தீர்ப்பை வாசித்தார்கள்: குழல் செல்லப்பாண்டியினுடையது, பாட்டு ஓர் ஆண் கட்டியது, அழைப்பு அண்ணாச்சி வீட்டினது, நின்ற இடம் நகராட்சிக்குச் சொந்தம், ஊதப்பட்ட காற்று ஊர்ப் பொதுச் சொத்து, ஆகவே சுரம் ஊருக்குரியது, தவசுக்கனி என்பவர் சம்பவத்தின்போது உடனிருந்தார் என்பதைக் குழு நன்றியோடு பதிவு செய்கிறது.

சுரத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி எழுந்தது. 'சுனைக்கோட்டை நாதம், உபயம் வணிகர் சங்கம்' என்று கல்வெட்டு வைத்தார்கள். வேலியருகே துப்பக் கூடாது, சைக்கிள் சாத்தக் கூடாது, பெண்கள் பெருமூச்சு விடக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். ஊர் பழகிக்கொண்டது. பெண்கள் அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் பழகினார்கள். வேலிக்கு உள்ளே சிட்டுக்குருவி ஒன்று கூடு கட்டியது. அது பெண் குருவியா என்று குழு கூடி விவாதித்து, முடிவு எட்டாமல் கலைந்தது.

செல்லப்பாண்டிக்கு அந்த நாட்களில் நல்ல பெயர். சுரத்தின் முன்னாள் சொந்தக்காரன் என்று பழக்கடைக்கு வந்து கைகுலுக்கினார்கள். அவனும் கைகுலுக்கினான். வீட்டுக்கு வந்து, அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்தால் மட்டும், சாத்துக்குடி இரண்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவான்.

ஓர் ஆண்டு ஆகப்போகிறது என்றதும் சங்கத்துக்கு விழா எடுக்காமல் இருக்க முடியவில்லை. பெருநகரத்திலிருந்து ஒரு பெரிய ட்ரம்பெட் வித்துவான் வரவழைக்கப்பட்டார். செண்பகம் பேண்டுப் பெண்கள் சீருடைப் புடவையில் மேடையின் இரு பக்கமும் வாத்தியத்தோடு நிற்க வேண்டும், வாசிக்க வேண்டாம், கையில் இருந்தால் போதும், படத்துக்கு நன்றாயிருக்கும் என்று சொல்லப்பட்டது. எவளாவது எதையாவது ஊதிவிடக் கூடாதே என்று, வாத்தியங்களின் மவுத்பீஸ்களை, அதாவது உதடு பொருந்தும் அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணிகளை, பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கி, அண்ணாச்சி தம் கடைக் கண்ணாடி அலமாரியில் குங்குமச் சிமிழ்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அது இல்லாத குழலிலிருந்து இசை எப்படி வரும் என்று அவர் நிம்மதியாக உறங்கினார். கண்டிருப்பீர்களே, சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டால் வீட்டையே முடிந்துகொண்டதாக நம்புகிற சாதி உலகில் எங்கும் உண்டு.

விழாவுக்கு முதல் நாள் மாலை மரகதம் தன் இட்லிக் கடையில் பெண்களைக் கூட்டி, போவதா வேண்டாமா என்று கேட்டாள். போகக் கூடாது என்றார்கள் சிலர். போகாவிட்டால் சங்கத்தார் இனி எந்தக் கல்யாணத்துக்கும் நம்மைக் கூப்பிடவிட மாட்டார்கள் என்றார்கள் சிலர். தவசுக்கனி பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலிய ஒட்டித்தான் மேடை போட்டிருக்காங்க," என்றாள் கடைசியில். "அவ்வளவு பக்கத்துல அவங்களாவே என்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்துதாங்க. மரகதம், நீ கைய மட்டும் தூக்கு. இந்தத் தடவ நீ இறக்குறவரைக்கும் நான் விட மாட்டேன்."

"எதுல ஊதுவ? கிண்ணியப் பூட்டில்ல வச்சிருக்காரு?"

"உதட்டையும் பூட்டிட்டாரா?"

மரகதம் அவளைப் பார்த்தாள். பிறகு சட்னி வாளியை மூடிவைத்துவிட்டு, நாளைக்குக் கடை கிடையாது என்று பலகையில் எழுதினாள்.

விழா நன்றாக நடந்தது. பெண்மையே நாதம், நாதமே பெண்மை என்று அண்ணாச்சி பேசினார். படம் எடுப்பவன், அக்கா குழலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, முகத்தை மறைக்குது, இல்லை, முகம் தெரியாட்டாலும் பரவாயில்லை, குழல் தெரியணும் என்று மாற்றி மாற்றிச் சொன்னான். பெருநகர வித்துவான் எழுந்து, தலைக்கு மேல் நிற்கும் சுரத்தை வணங்கி, அதனோடு சேர்ந்து வாசிக்கத் தம் ட்ரம்பெட்டை உயர்த்தினார். அவர் உண்மையிலேயே பெரிய வித்துவான். ஆனாலும் ஒவ்வோர் உதட்டுக்கும் ஒரு தனி ஈரம், ஒரு தனி வெப்பம். அவர் எப்படிச் சேர்ந்தாலும் சுரம் அவரை விலக்கியது, கூட்டத்தில் இடம் தராமல் முழங்கையால் ஒதுக்குவதுபோல் ஒதுக்கியது. சற்று நேரத்தில் அவர் உதட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்து, மைக்குக்கு எட்டாதபடி பக்கத்திலிருந்தவரிடம், "இதை ஊதுனவங்க எங்க?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் கல்வெட்டைக் காட்டினார்.

அப்போதுதான் மேடையின் ஓரத்தில் மரகதம் கையை உயர்த்தினாள்.

தவசுக்கனி யூஃபோனியத்தை மெல்லக் கீழே வைத்தாள். இருந்த பாதி மூச்சை இழுத்துப் பிடித்தாள். உதடுகளை இறுக்கி, காலைதோறும் கழுதைக்குச் சளி என்று பெயர் வாங்கிய அந்த வெறும் உதட்டு ஒலியை எழுப்பினாள். அது முதலில் ஒரு வண்டின் இரைச்சல்போல் தள்ளாடியது. மேலே நின்ற சுரம் அதைத் தெரிந்துகொண்டது. நெடுநாள் ஊரில் இல்லாத தாயின் காலடியை வாசலில் கேட்ட பிள்ளையைப்போல் அது ஒரு கணம் அதிர்ந்து, இறங்கி, வேலியைத் தாண்டி வந்து அவள் வாயோடு பொருந்தியது. மற்றப் பெண்களும் வாத்தியங்களைத் தாழ்த்திவிட்டு உதட்டால் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி கண்ணாடி அலமாரியின் சாவியைத் தடவிப் பார்த்தார், அது பத்திரமாகவே இருந்தது. அந்த ஒலி எழுந்து விரிந்து, ஆட்டோக்களின் கண்ணாடிகளில் ஆவியாய்ப் படிந்து, பாத்திரக்கடையின் ஒவ்வோர் அண்டாவையும் உரக்கப் பேசவைத்து, அதன் முழு நீளத்துக்கும் நடந்து முடித்ததென்று தவசுக்கனிக்கும் தனக்கும் தெரிந்த நொடியில், மரகதம் கையை இறக்கினாள்.

சுரம் முடிந்தது.

அடுத்து ஊர் கேட்டது ஒரு மூச்சு. தவசுக்கனி இழுத்தாள், இழுத்தாள், வயிறுவரை, இடுப்புவரை, ஓர் ஆண்டாக அவளுக்கு வராதிருந்த அந்த முழு மூச்சை இழுத்து, சந்தி முழுவதும் கேட்கும்படி விட்டாள். பலகையில் தடைசெய்யப்பட்டிருந்த அதே பெருமூச்சுத்தான்.

கூட்டம் சினந்தது. ஊரின் சொத்தை ஒருத்தி விழுங்கிவிட்டாள் என்றார்கள். திருப்பிக் கொடு என்றார்கள். ஆனால் அந்தச் சினம் நீடிக்கவில்லை, ஏனெனில் அதற்குள் வேறொன்று கேட்கத் தொடங்கிவிட்டது. ஓர் ஆண்டாக அந்தச் சுரம் மூடியிருந்தவை, அதற்கு முன் ஊரின் சொந்த ஆரவாரம் மூடியிருந்தவை, இப்போது விழுந்த அந்த அரிய அமைதியில் ஒவ்வொன்றாய்க் கேட்டன. பள்ளிக்கூட வாசலில், ஆள் உயரத்தில், 'சார், எனக்கு மேல படிக்க' என்று ஒன்று தொங்கியது. நகைக்கடை முன் 'அது எங்கம்மா எனக்குப் போட்ட' என்று ஒன்று. சோற்றுப் பானைகளுக்கு மேல், தொட்டில்களுக்கு மேல், பேருந்தின் முன்பக்க இருக்கைகளுக்கு மேல், 'நான் என்ன சொல்ல வந்தேன்னா', 'அன்னைக்கு நீங்க என்னைய', 'வலிக்குதுன்னு சொன்னா' என்று, வெட்டப்பட்ட இடத்திலேயே நின்றுபோன பாதி வாக்கியங்கள். அவை எங்கும் இருந்தன. கேட்கிறவர்களுக்குக் கேட்டன. கேட்காதவர்களுக்கு நெற்றியில் இடித்தன.

ஊர் இதற்கும் பழகப் பார்த்தது. ஆண்கள் வீட்டுக்குள் குனிந்து நடந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தவர்களும் உண்டு. வைகுண்டமணி அண்ணாச்சி வீட்டு உணவு மேசைக்கு மேல், 'எனக்கு இந்த வீட்டுல ஒரு' என்று அவர் மனைவியின் குரல் அவர் தட்டுக்கு நேராகத் தொங்கியது. ஒரு என்ன என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, மேசையை நகர்த்திப் போட்டார். அந்தக் குரலும் கூடவே நகர்ந்து வந்தது. பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி வைத்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் தொலைக்காட்சி அலறிக்கொண்டேயிருக்கிறது. அவர் நெற்றியில் ஆறாத வீக்கம் ஒன்று இருக்கிறது. சந்தனம் வைத்து மறைத்துக்கொள்கிறார்.

விழா முடிந்த அந்தப் பிற்பகல் செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில், பரணுக்குக் கீழே, அவனுக்கும் ஒன்று காத்திருந்தது. தவசுக்கனியின் குரல், ஆனால் மிக இளைய குரல், கல்யாணமான புதிதில் இருந்த குரல்: 'இஞ்சேருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அந்தக் குழல நான்'. அதோடு நின்றுவிட்டது. அன்று அவன் சோற்றைப் போடு என்று சொன்ன இடத்தில் அது நின்றிருந்தது.

அவன் குனிந்து போகலாம் என்றுதான் முதலில் நினைத்தான், குனியவும் செய்தான். அடுப்படியிலிருந்து அவள் மூச்சு கேட்டது, முழுதாக, ஏற்ற இறக்கத்தோடு. அவன் நிமிர்ந்தான். நெற்றி நன்றாகவே இடித்தது. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயால், "சொல்லு," என்றான்.

"எத?"

"அந்தக் குழல நீ?"

தவசுக்கனி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு மறக்கவில்லை. முடிக்காதது எதுவும் மறப்பதில்லை.

"ராத்திரிக் கல்யாணம் வாசிச்சிட்டு வந்து நீங்க மதியம் அசந்து தூங்குவீங்கல்லா. அப்ப பின்னால கொண்டுபோய் ஊதிப் பாப்பேன். தெனமும். உங்களவிட எனக்கு நல்லா வருதுன்னு சொல்ல வந்தேன்."

அவன் இடித்த நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"தெரியும்," என்றான். "நான் தூங்கல. படுத்துக்கிட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நல்லா வருதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் சோத்தப் போடுன்னேன்."

பரணுக்குக் கீழே இருந்த இடம் காலியாயிற்று. அவள் சிரித்தாளா, அழுதாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டுக்கும் வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது, அது போதும். மறுநாள் காலை கல்யாண மண்டபத்தின் பின்புறம் பெண்கள் உதட்டால் சுரம் பிடித்தபோது, பழக்கடைக்கு வந்தவர்களிடம் செல்லப்பாண்டி, "நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. தூங்குத மாதிரி கெடந்தேன், அவ்வளவுதான்," என்றான். அவர்களுக்கு அது புரியவில்லை. அவன் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான்.

கேட்பவரே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நாம் பெண்களை இடைமறிப்பது, அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியாமல் அன்று. தெரிந்திருப்பதால்தான் மறிக்கிறோம். முடிவு தெரிந்த வாக்கியத்தின் வாயில் உள்ளங்கையை வைக்கிறோம், மோர் கொடுக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், வெளியே நிற்கும் அவர்களுடைய பாதி மூச்சில் குளிர்காய்ந்துகொண்டு, ஊர் எவ்வளவு இதமாயிருக்கிறது என்று வியக்கிறோம். உள்ளே அவர்கள் ஒரு குடத்தை இரண்டு முறை இறக்கி வைக்கிறார்கள்.

இந்தக் கதை நன்றாயிருக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்லப் போகாதீர்கள். எழுந்து வீட்டுக்குப் போங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். உங்கள் கூடத்தில், அடுப்படியில், உங்கள் தட்டுக்கு நேர் மேலே ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். குனியாதீர்கள். அதற்குரியவள் உங்கள் மனைவியோ, அக்காளோ, மகளோ, அம்மாவோ, அவள் எதிரே உட்கார்ந்து, 'சொல்லு' என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் கை இறங்கும்வரை எழுந்திருக்காதீர்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், அவளுக்கு இன்றே மூச்சு முட்டுகிறது. இன்று, விளக்கு வைப்பதற்குள், போங்கள்.